நிலம் கொதிக்கும் ஊர் ரோட்டோருவா

அடுப்பு இல்லாமல் கிழங்கு வேகுமா? நியூசிலாந்து நாட்டின் வடதீவில் உள்ள ரோட்டோருவாவில் வேகும். அவ்வூரை அடுத்த ஃபாக்கரேவரேவா என்னும் சிற்றூரில் வாழும் மாவோரி மக்கள், மக்காச்சோளக் கதிர்களையும் உருளைக்கிழங்கையும் பையில் கட்டி, வீட்டருகே கொதித்துக் கொண்டிருக்கும் ஊற்றில் இறக்குவார்கள். சிறிது நேரத்தில் உணவு வெந்துவிடும். விறகு இல்லை, எண்ணெய் இல்லை, புகையும் இல்லை. அடுப்பை மூட்டியது யாருமல்லர்; நிலமே அடுப்பாக இருக்கிறது.

ஏரிக்கரையில் அமைந்த இவ்வூருக்கு ஆண்டுதோறும் விடுமுறையைக் கழிக்க ஏராளமானோர் வருகின்றனர். வருவோரில் பெரும்பாலோர் புகழ்பெற்ற வெந்நீர்ப் பீச்சூற்று ஒன்றைப் பார்த்து, வெந்நீர்க் குளமொன்றில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால் ஊரைச் சுற்றி அரைநாள் நடக்கவோ, மிதிவண்டி மிதிக்கவோ ஆயத்தமாக இருப்பவர்களுக்கு அங்கே நிலவியல் பாடநூல் ஒன்றே விரிந்து கிடக்கிறது. அதன் சில பக்கங்களை இக்கட்டுரையில் புரட்டிப் பார்ப்போம். மனிதன் அறியாமல் கிழிக்கத் தொடங்கி, பிறகு கையை இழுத்துக்கொண்ட ஒரு பக்கமும் அதில் உண்டு.

ஏரியா, எரிமலையா?

ரோட்டோருவா ஏரியின் பரப்பு சுமார் 80 சதுர கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய வட்டமாகத் தோன்றும். இந்த வட்டத்திற்குக் காரணம் உண்டு. ஏரி கிடக்கும் பள்ளமே ஓர் எரிமலையின் வாய்.

எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலையும் அதன் உச்சியில் புகையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் மிகப் பெரிய எரிமலைகள் பல, மலையாக உயர்வதற்குப் பதில் பள்ளமாகத் தாழ்கின்றன. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே நிலத்தடியில் தேங்கியிருந்த பாறைக் குழம்பு பெருவெடிப்பாக வெளியேறியது. தாங்கி நின்ற குழம்பு போய்விட்டதால் மேலே இருந்த நிலம் சரிந்து உள்ளே அமிழ்ந்தது. நிரம்பிய கோணிப் பையின் அடியில் ஓட்டை விழுந்து தானியம் ஒழுகினால் பையின் மேற்பகுதி குழிவதில்லையா, அதுபோல. இவ்வாறு உண்டாகும் பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்பர். மழைநீரும் ஊற்றுநீரும் பள்ளத்தை நிரப்ப, ஏரி பிறந்தது. பள்ளம் பெரிதானாலும் ஏரி ஆழமற்றது. சராசரி ஆழம் சுமார் 11 மீட்டர்தான்.

ஏரியின் நடுவே மொக்கோயா என்னும் தீவு இருக்கிறது. பெருவெடிப்புக்குப் பின் மிஞ்சிய குழம்பு, பற்பசைபோலக் கெட்டியாகப் பிதுங்கி வந்து உறைந்த மேடு அது. தன் காதலனின் குழலோசையை வழிகாட்டியாகக் கொண்டு ஹினெமோவா என்ற பெண் இரவில் அத்தீவுக்கு நீந்திச் சென்ற கதையை அந்நாட்டில் அறியாதவர் இல்லை. குளிரில் நடுங்கிக் கரையேறிய அவள் முதலில் உடலைச் சூடேற்றிக் கொண்டது கரையோரத்து வெந்நீர்க் குளமொன்றில் என்று கதை சொல்கிறது. அந்தக் குளம் இன்றும் தீவில் இருக்கிறது. காதற்கதையிலும் எரிமலையின் வெப்பம் வந்துவிடுகிற நாடு அது!

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லாமல் பல தட்டுகளாக உடைந்திருப்பதை நாம் அறிவோம். நியூசிலாந்தின் வடதீவுக்குக் கிழக்கே பசிபிக் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டின் அடியில் சரிந்து புகுந்து கொண்டிருக்கிறது. கடலடியில் நெடுங்காலம் கிடந்த தட்டு தன் பாறைகளுக்குள் நீரையும் சுமந்து செல்கிறது. ஆழத்திலுள்ள அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அந்த நீர் பிரிந்து, மேலேயுள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகும். உருகிய குழம்பு இலேசானது. ஆகவே மேலே எழுகிறது. அவ்வாறு எழும் பகுதியே தவுப்போ எரிமலை மண்டலம். ரோட்டோருவா அதன் நடுவே அமைந்திருக்கிறது.

மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகிறது. சூடான நீர் மீண்டும் மேலேறும்போது, வழியில் எதைச் சந்திக்கிறதோ அதற்கேற்ப வடிவம் கொள்கிறது. தெளிந்த நீர் தாராளமாக வெளிவந்தால் வெந்நீர் ஊற்று. நீர் குறைவாகவும் நீராவியும் கந்தக வாயுவும் மிகுதியாகவும் இருந்தால், வாயு நீரில் கரைந்து அமிலமாகிப் பாறையை அரித்துக் களிமண்ணாக்கும். அப்போது குழம்புபோல் கொப்புளிக்கும் சேற்றுக் குழி. நீரே இல்லாமல் ஆவி மட்டும் வந்தால் புகைத்துளை. குறுகிய குழாயில் நீர் சிக்கிக் கொண்டால் கீசர் என்று சொல்லப்படும் வெந்நீர்ப் பீச்சூற்று.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது ஒரு நாற்றம். அழுகிய முட்டையின் வாடை. பள்ளி வேதியியல் ஆய்வுக் கூடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தயாரித்தவர்களுக்கு இது பழக்கமானதே. சற்று நேரத்தில் மூக்குப் பழகிவிடும். ஆனால் வாடை தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று பொருளல்ல. இது காற்றைவிடக் கனமானது. பள்ளங்களிலும் காற்றோட்டமற்ற அறைகளிலும் தேங்கினால் உயிரையே பறிக்கும். திறந்தவெளியில் உள்ள சிறிதளவு வாயு அத்தகைய தீங்கு செய்வதில்லை. ஊர்மக்கள் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இவ்வாயுவால் ஆஸ்துமா மிகுவதாகச் சான்று கிடைக்கவில்லை.

நகரப் பூங்காவில் ஒரு வெடிப்பு

கட்டணம் கட்டாமல் பார்க்கக்கூடிய இடங்களுள் முதலாவது குயிராவ் பூங்கா. ஊரின் மையத்திலிருந்து நடந்தே போகலாம். ஒருபுறம் புல்வெளியும் பூச்செடிகளும். மறுபுறம் வேலியிட்ட சேற்றுக் குழிகளும் ஆவி பறக்கும் ஏரியும். நடந்து களைத்தவர்கள் வெந்நீர்த் தொட்டிகளில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இந்த அமைதியை முழுதும் நம்ப முடியாது. 2001ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இப்பூங்காவில் நிலம் திடீரென வெடித்தது. சேறும் பாறைத் துண்டுகளும் சுமார் 100 மீட்டர் உயரத்திற்கு எழுந்து விழுந்தன. எரிமலைக் குழம்பு எதுவும் வரவில்லை, வெடித்தது நீர்தான். நிலத்தடியில் அழுத்தத்தின் கீழ் இருக்கும் நீர், 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் நீராகவே இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் அழுத்தம் குறைந்தால் அது நொடியில் ஆவியாகும். ஆவியானதும் அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்தப் பெருக்கத்திற்கு இடமில்லாதபோது மேலே உள்ள மண்ணும் கல்லும் பறக்கின்றன. பூங்காவின் வேலிகள் அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

பூங்காவிலிருந்து ஏரியை நோக்கிச் சற்று நடந்தால் ஒஹினெமுட்டு என்னும் பழைய மாவோரிக் குடியிருப்பு. வீட்டு முற்றங்களிலும் சாலையோரங்களிலும் ஆவி எழுகிறது. அங்குள்ள கல்லறைகள் நிலத்துக்கு மேலே கட்டப்பட்டிருக்கின்றன. சுடுகின்ற நிலத்தைத் தோண்ட முடியாதல்லவா? அங்குள்ள தேவாலயத்தின் கண்ணாடிச் சன்னலில் மாவோரி மேலாடை அணிந்த ஏசுவின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. உள்ளே அமர்ந்து பார்த்தால், அவர் சன்னலுக்கு அப்பால் தெரியும் ஏரிநீரின் மேல் நடந்து வருவதுபோல் தோன்றும்.

ஏரிக்கரையோடு கிழக்கே நடந்தால் கந்தக விரிகுடா. இங்கே ஏரிநீர் பால்போல் வெளுத்திருக்கிறது. நீரில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய கந்தகத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். அமிலம் கலந்த இந்நீரில் இரை அதிகம் கிடைக்காது. ஆயினும் கடற்காகங்களும் நீர்ப்பறவைகளும் கூட்டமாக இங்கே தங்கி, குஞ்சும் பொரிக்கின்றன. வேட்டை தடை செய்யப்பட்ட இடம் என்பது ஒன்று. ஆவி கக்கும் வெறுநிலத்தில் கால்வைக்க மனிதரும் விலங்கும் தயங்குவது மற்றொன்று. உணவுக்கு ஏரியின் வேறு பக்கம், உறக்கத்துக்கு இப்பக்கம் என்று பறவைகள் வசதியாகப் பிரித்துக் கொண்டுள்ளன.

1886: ஓர் இரவும் ஒரு பள்ளத்தாக்கும்

ஊருக்குத் தென்கிழக்கே செல்லும் சாலையில் இரண்டு ஏரிகள் அருகருகே கிடக்கின்றன. இரண்டுக்கும் இடையே குறுகிய நிலத்திட்டு. அதன்மேல் நின்று பார்த்தால் ஒருபக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. நீல ஏரியான டிக்கிடாபுவில் நீந்தலாம்; அதைச் சுற்றிக் காட்டுப்பாதையில் நடக்கலாம். பச்சை ஏரியான ரோட்டோகாக்காஹி மாவோரி மக்களுக்குப் புனிதமானது. அதில் குளிப்பதும் படகு விடுவதும் கூடாது. நீரின் ஆழம், அடித்தரையின் நிறம், நீரில் மிதக்கும் நுண்பொருள்கள் ஆகியவை வேறுபடுவதால் ஒரே வானின் கீழ் இரு ஏரிகள் இரு நிறம் காட்டுகின்றன.

அதே சாலையில் மேலும் சென்றால் டெ வைரோவா. இது புதையுண்ட ஊர். 1886ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் விடியுமுன் தாரவெரா மலை பிளந்தது. சுமார் 17 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் கிழிந்து, ஒருசில மணி நேரத்தில் சுற்றியிருந்த ஊர்கள் சேற்றாலும் சாம்பலாலும் மூடப்பட்டன. சுமார் 120 பேர் மாண்டனர். டெ வைரோவாவில் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்த சோஃபியா ஹினெராங்கி என்ற பெண்மணியின் வீடு சேற்றின் பாரத்தைத் தாங்கி நின்றது. அதில் அடைக்கலம் புகுந்த அறுபதுக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். பிற்காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடுகளின் அடித்தளங்களை இன்று அங்கே நடந்து பார்க்கலாம்.

அந்த இரவோடு மறைந்த இன்னொன்று உண்டு. அருகிலிருந்த ரோட்டோமஹானா ஏரிக்கரையில், வெந்நீரிலிருந்து படிந்த சிலிக்காவால் இயற்கையே கட்டியதுபோன்ற வெண்ணிற, இளஞ்சிவப்புப் படிக்கட்டுகள் இருந்தன. அவற்றைக் காண அக்காலத்திலேயே கடல் கடந்து மக்கள் வந்தனர். வெடிப்பில் ஏரியின் அடித்தளமே பறந்து போயிற்று. பிறகு அங்கே முன்னதைவிடப் பெரிய, ஆழமான ஏரி தேங்கியது. படிக்கட்டுகள் முழுதும் அழிந்தனவா, ஒரு பகுதி நீருக்கடியிலோ சாம்பலுக்கடியிலோ எஞ்சியிருக்கிறதா என்று அறிவியலார் இன்றும் வாதிடுகின்றனர்.

அழிவின் மறுபக்கம் வைமாங்குப் பள்ளத்தாக்கு. 1886க்கு முன் இங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்ததில்லை. ஒரு வெப்பநீர்ப் பகுதி எந்த நாளில் பிறந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிவது அரிது, இதற்குச் சொல்லலாம். எனவே எரிந்து வெறுமையான நிலத்தில் செடிகள் எந்த வரிசையில் குடியேறுகின்றன என்பதைக் கவனிக்கத் தாவரவியலாருக்கு இது ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடம்.

1900ஆம் ஆண்டில் இங்கே ஒரு கீசர் எழுந்தது. கருநிறச் சேற்றையும் கற்களையும் சில வேளைகளில் 400 மீட்டருக்கும் மேலே வீசியது. உலகில் அறியப்பட்டவற்றுள் அதுவே மிக உயர்ந்தது. 1903இல் அதன் அருகே நின்றிருந்த நால்வரை அது பலிகொண்டது. 1904இல் திடீரென நின்றுபோனது. அப்பகுதியின் நிலத்தடி நீர்மட்டம் மாறியதே காரணமாக இருக்கலாம் என்பர். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

இன்று பள்ளத்தாக்கில் இரண்டு விந்தைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, 1917இல் நிகழ்ந்த ஒரு வெடிப்புக்குப் பின் உண்டான வாணலி ஏரி. பரப்பு சுமார் 38,000 சதுர மீட்டர். உலகின் மிகப் பெரிய வெந்நீர் ஊற்றுகளுள் ஒன்று. எண்ணெய் காய்வதுபோல் முழுதும் குமிழியிடுகிறது. ஆனால் நீரின் வெப்பநிலை சுமார் 55 டிகிரிதான். குமிழிகள் கொதிப்பதால் வருவன அல்ல. அடியிலிருந்து ஏறும் கரியமில வாயுவே அப்படித் தோற்றமளிக்கிறது.

மற்றொன்று நரகக் குழி என்னும் பெயருடைய வெளிர்நீலக் குளம். இது ஏறி இறங்குகிறது! சுமார் 38 நாட்களுக்கு ஒருமுறை நீர் படிப்படியாக உயர்ந்து, ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில் பொங்கி வழிகிறது. பிறகு 12 மீட்டர்வரை தாழ்ந்துவிடுகிறது. இது பொங்கும் நாட்களில் வாணலி ஏரியிலிருந்து வெளியேறும் நீர் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் இரண்டும் இணைந்திருக்கின்றன. ஓரிடத்தில் நீர் ஏறினால் வேறிடத்தில் குறையும் என்ற பாடத்தை இயற்கை இங்கே தானே நடத்திக் காட்டுகிறது. ஊர்மக்கள் அந்தப் பாடத்தைத் தங்கள் வீட்டு வாசலில் கற்க நேர்ந்தது பிற்காலத்தில்.

நின்றுபோன கீசர்

கீசர் எப்படிப் பீச்சுகிறது என்று முதலில் பார்ப்போம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதே காரணம். 10 மீட்டர் ஆழமுள்ள நீர்க்குழாயின் அடியிலும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். ஆகவே அங்குள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக் கொண்டேயிருக்கும். ஒரு கட்டத்தில் சில குமிழிகள் தோன்றி, மேலிருக்கும் நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளும். மேல்பாரம் குறைந்ததும் அழுத்தம் தாழும். உடனே அடிநீர் முழுதும் ஆவியாகி, குழாயிலுள்ள நீரை வானில் வீசும். பிறகு குழாய் மீண்டும் நிரம்பவேண்டும், மீண்டும் சூடேறவேண்டும்.

இதற்கு மூன்று தேவை: வெப்பம், குறுகிய உறுதியான குழாய், இடைவிடாமல் நிரம்பும் நீர். இவற்றுள் ஒன்று சற்றுக் குறைந்தாலும் கீசர் அடங்கிவிடும். வெந்நீர் ஊற்றுகள் உலகில் பல நாடுகளில் இருந்தும் கீசர்கள் அரியனவாக இருப்பது இதனால்தான்.

ஃபாக்கரேவரேவாவில் உள்ள போஹுட்டு கீசர் ஒரு நாளில் பலமுறை 30 மீட்டர்வரை பீச்சக்கூடியது. அதன் அருகே பாப்பாக்கூரா என்ற கீசரும் இருந்தது. அது நீண்டகாலமாக இடைவிடாமல் இயங்கி வந்தது. 1979இல் அது நின்றது.

காரணம் ஊருக்குள்ளேயே இருந்தது. ரோட்டோருவா மக்கள் பல்லாண்டுகளாகத் தங்கள் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, வெந்நீரை எடுத்து வீட்டைச் சூடேற்றவும் குளிக்கவும் பயன்படுத்தி வந்தனர். விடுதிகளும் அவ்வாறே செய்தன. குளிர்நாட்டில் செலவில்லாத வெப்பத்தை யார்தான் வேண்டாம் என்பார்? எண்ணெய் விலை ஏறிய 1970களில் கிணறுகள் மேலும் பெருகின. வெளியே எடுத்த நீரில் பெரும்பகுதி ஆழத்துக்குத் திரும்பவில்லை.

நம் ஊர் அடுக்குமாடிக் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியில் நீர் குறைவாக இருக்கும்போது கீழ்த்தளத்தார் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் மேல்தளத்துக் குழாயில் காற்றுதான் வரும். கீசரும் ஊற்றும் மேல்தளத்துக் குழாய் போன்றவை. நிலத்தடி நீரின் அழுத்தம் அவற்றின் வாய்வரை நீரை உயர்த்தப் போதுமானதாக இருந்தால்தான் அவை ஓடும். அழுத்தத்தில் ஓரிரு மீட்டர் குறைவு, கிணறு வைத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கீசருக்கு அதுவே உயிர்போகும் குறைவு.

நியூசிலாந்து இதை முன்பே கண்டிருந்தது. வைராக்கெயில் 1958இல் நிலவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் அங்கிருந்த கீசர் பள்ளத்தாக்கு வறண்டது. 1961இல் ஓஹாக்குரி அணையில் தேங்கிய நீர், ஒராக்கெய் கொராக்கோவின் கீசர்களில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது. எஞ்சிய பெரிய கீசர்க் கூட்டம் ஃபாக்கரேவரேவாவில்தான். அதுவும் போய்விட்டால் ஈடு செய்ய வழியில்லை.

1982இல் அளவெடுக்கும் பணி தொடங்கியது. கிணறுகளின் எண்ணிக்கை, எடுக்கும் நீர், நிலத்தடி நீர்மட்டம் ஆகியவை கணக்கிடப்பட்டன. 1986இல் அரசு கடுமையான முடிவெடுத்தது. போஹுட்டு கீசரைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த ஆழ்துளைக் கிணறுகள் அனைத்தையும் மூடவேண்டும். அதற்கு வெளியே எடுப்போர் கட்டணம் செலுத்தவேண்டும். ஊர்மக்களுக்கு இது எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை. தன் வீட்டுத் தோட்டத்திற்கடியில் கிடக்கும் வெப்பம் தனக்கில்லையா என்று கேட்டனர். எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகள் சிமெண்டு கொண்டு அடைக்கப்பட்டன. வெளிப்பகுதியிலும் பலர் கட்டணத்தைக் கருதித் தாமே மூடினர்.

நிலம் விடை சொன்னது. நிலத்தடி நீர்மட்டம் உயரத் தொடங்கியது. ஓய்ந்து கிடந்த ஊற்றுகள் ஒவ்வொன்றாக ஓடலாயின. மிதமான சூட்டுக்கு ஆறியிருந்த குயிராவ் பூங்காவின் ஏரி மீண்டும் ஆவி கக்கியது. பாப்பாக்கூரா மட்டும் அசையவில்லை. பத்தாண்டு கழிந்தது, இருபதாண்டு கழிந்தது. 2015இல், 36 ஆண்டுகள் சென்றபின், அதுவும் மீண்டும் பீச்சியது!

இதில் மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கச் சில ஆண்டுகள் போதும். திரும்பப் பெற ஒரு தலைமுறை ஆகலாம். வைராக்கெயைப்போல் திரும்பாமலும் போகலாம். இன்று ரோட்டோருவாவில் வெந்நீரை முற்றிலும் எடுக்கக்கூடாது என்பதில்லை. வெப்பத்தை எடுத்துக்கொண்டு நீரை மீண்டும் ஆழத்துக்கே செலுத்தும் முறை வளர்ந்துள்ளது. 1.5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும் நீரைக் குறைக்கும் எதற்கும் இடமில்லை.

எழுபது மீட்டர் மரங்களும் குளிர்ந்த ஊற்றும்

வெப்பத்தில் களைத்தவர்களுக்கு ஊரின் ஓரத்திலேயே காடு இருக்கிறது. இயற்கைக் காடுகள் வேகமாக வெட்டப்பட்டதைக் கண்டு, எந்த அயல்நாட்டு மரம் இங்கு வளரும் என்று அறிய ஏறத்தாழ 170 வகைகளை நட்டுப் பார்த்த இடம் இது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் 1901இல் நடப்பட்டன. இன்று 70 மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்கின்றன. அடியில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் கிடக்க, ஆளுயரத்தை மிஞ்சிய மரப்பெரணிகள் நிழலில் செழிக்கின்றன. சிறுவர் நடக்க அரைமணிப் பாதையும் உண்டு. மிதிவண்டிக்காரர்கள் நாள் முழுதும் சுற்றுவதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகளும் உண்டு.

ஏரியின் வடகரையில் ஹாமுரானா ஊற்று இருக்கிறது. இது வெந்நீர் அல்ல. சுமார் 15 மீட்டர் ஆழமுள்ள பிளவிலிருந்து மணிக்கு நாற்பது இலட்சம் லிட்டருக்கு மேல் பளிங்குபோன்ற தண்ணீர் பொங்குகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரியே. இந்நீர் மேட்டுநிலத்தில் மழையாக விழுந்து, எரிமலைப் பாறைகளின் நுண்துளைகள் வழியே கசிந்து இங்கே வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மேட்டுநிலத்தில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியபோது, உரத்திலும் கால்நடைச் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் அந்த நீரோடு மண்ணில் இறங்கியது. அது இப்போதுதான் ஏரியை அடைகிறது. இன்று உரமிடுவதை நிறுத்தினாலும், முன்னோர் இட்ட உரம் இன்னும் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும். மிகுந்த சத்து ஏரியில் நச்சுப்பாசியைப் பெருக்குகிறது. இதைக் கட்டுப்படுத்த 2006 முதல், ஏரியில் விழும் ஓடையொன்றில் படிகாரம் கலந்து பாஸ்பரசைப் படியவைக்கின்றனர். நம் ஊரில் கலங்கிய நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுகிறோமே, அதே பொருள்தான்.

ஏரியின் நீர் வடகிழக்கே ஓகேரே வழியாகக் கைட்டுனா ஆறாக வெளியேறுகிறது. இங்கே 1901ஆம் ஆண்டிலேயே புனல்மின் நிலையம் அமைத்து ரோட்டோருவாவுக்கு மின்சாரம் கொடுத்தனர். அதன் எச்சங்களைக் காட்டுப்பாதையில் நின்று பார்க்கலாம். இப்பாதையிலிருந்து, 7 மீட்டர் உயர அருவியில் ரப்பர்ப் படகோடு குதித்து இறங்கும் துணிச்சல்காரர்களையும் காணலாம்.

கால் வைக்குமுன்

ஊருக்குத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் வானவில் மலை நிற்கிறது. அமில ஆவி பாறையைச் சிதைத்ததால் அதன் சரிவுகளில் சிவப்பும் பழுப்பும் வெண்மையும் கலந்த மண். உச்சிக்கு ஏறினால் எரிமலை மண்டலம் முழுதும் கண்முன் விரியும். அதற்கு அப்பால் காட்டுக்குள் கெரோசின் ஓடை என்ற வெந்நீர் ஓடை சிறு அருவியாக விழுகிறது.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் சில விதிகளை மறக்கலாகாது. வெள்ளையாகவும் வெறுமையாகவும் இருக்கும் நிலம் மேலோடு மட்டும் கெட்டியாக இருக்கலாம். அடியில் கொதிசேறு இருக்கலாம். எனவே பாதையை விட்டு விலகக் கூடாது. இயற்கை வெந்நீரில் தலையை முக்கக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே நுழைந்தால் மூளையைத் தாக்கும்; அந்நோயிலிருந்து தப்புவது மிக அரிது. விழுங்கினால் தீங்கில்லை, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. பள்ளமான, காற்றில்லாத இடங்களில் தங்கக் கூடாது என்பதை முன்பே கண்டோம்.

ரோட்டோருவாவின் கீசர் ஒன்று நின்றதும் மீண்டதும், அவ்வூர் மக்கள் வெந்நீர்க் குழாயை மூட இசைந்ததோடு கட்டுண்டிருந்தன. நிலத்தடி நீர் சூடானதாயினும் குளிர்ந்ததாயினும் ஒருவர் வீட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஒருவர் இறைக்கும் நீர் மற்றவர் ஊற்றில் குறையும். இதை அங்குள்ளவர்களுக்கு ஒரு கீசரின் மௌனம் கற்றுத் தந்தது. கீசர் இல்லாத ஊர்களில் இதே பாடத்தை வறண்டுபோகும் கிணறுகள் சொல்கின்றன.